வார்டில் என் கூட இருந்தவர்

முதலில் அது கையில்தான் வந்தது. இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுகிறவன் நான். அதைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாறையும் பள்ளமும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. போய்த் திரும்பி ஸ்டியரிங்கை விட்ட பிறகும் கை ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் ஸ்டாண்டில் இதற்கு 'ஆட்டம்' என்று பெயர். "என்னல, ஆட்டம் எறங்கலையா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே டீ குடிப்போம். கிளாஸ் காலியாவதற்குள் இறங்கிவிடும்.

எனக்கு இறங்கவில்லை. வண்டி எடுக்காத நாளிலும் கை ஆடியது. பிறகு நெஞ்சு ஆடியது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவேன். அப்போதும் நான் ஜீப்பைத்தான் திட்டினேன். ஷாக் அப்சார்பரை மாற்றினேன், சீட்டுக்குப் புது மெத்தை தைத்துப் போட்டேன். தன் உடம்புக்கு வந்த நோய்க்கு வண்டிக்கு வைத்தியம் பார்த்த ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் பெயர் பாண்டியன். கேரளத்தில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு இந்தப் பெயர் ஒரு சோதனை. தமிழர்களை மட்டம் தட்டக் கூப்பிடும் சொல்லும் இங்கே 'பாண்டி'தான். பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டது. அதனால் திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் சொந்த வீட்டில் வாங்குவதற்கு அந்த அனுபவம் உதவவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் ஆணை விரும்பும் ஆணாக இருக்கலாம். ஆணையும் பெண்ணையும் விரும்புகிறவராக இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் மச்சான்மார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு மத்தியானம், மலையிலிருந்து இறங்கும்போது, பாதி வழியில் நெஞ்சு குதிரை மாதிரி ஓடத் தொடங்கியது. கண் இருட்டியது. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. பின்னால் குழந்தைகளோடு ஒரு குடும்பம். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். செத்தேன் என்றே நினைத்தேன். பின்னால் வந்த ஜீப்காரர்கள்தான் எல்லாரையும் இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி (நெஞ்சுத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. "கேஸ் ட்ரபிள். நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிட்டேன். நேரத்துக்கு வாந்தியும் எடுத்தேன். அது பேனிக் அட்டாக் (ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடம்பு சாவு வந்துவிட்டதாக நம்பிப் பதறும் நிலை) என்று யாரும் சொல்லவில்லை. ஏன் பதறுகிறாய் என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பதறக் காரணம் இருந்தது. வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ ஏற்கெனவே ஒருவரோடு வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அவர் பெயர் கிட்டுச்சாமி. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரர். நெல்லறுக்கும் வண்டி ஓட்டுகிறவர், சொந்தமாகக் கொஞ்சம் வயலும் உண்டு. அப்பா அம்மா காலமாகி, வீட்டில் தனியாக இருந்தார். நண்பர்களோடு மலை பார்க்க வந்து, என் ஜீப்பில் ஏறி, பாதி வழியில் வாந்தி எடுத்து, "மன்னிச்சுக்குங்க, வண்டியக் கழுவிக் குடுத்தர்றனுங்க" என்றவர். கழுவியும் கொடுத்தார். சண்டை போட்டால்கூட அவருக்கு அந்த 'ங்க' போகாது. "உங்களுக்கு மூள இருக்குதாங்க?" என்றுதான் கேட்பார். சீசன் இல்லாத மாதங்களில் நான் நல்லேப்பிள்ளிக்குப் போய்விடுவேன். வீட்டில், பொள்ளாச்சியில் வண்டி வேலை என்று சொல்லியிருந்தேன்.

பெண் பார்க்கும் பேச்சு முற்றியபோது அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அக்கா தன் வீட்டுக்காரரிடம், அதாவது மச்சானிடம் சொன்னாள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதனால் எங்கள் லயத்தில் ஒரு வீட்டு டிவி திடீரென்று அலறினால் அங்கே ஏதோ மானப் பிரச்சினை என்று அர்த்தம். அன்று முதல் எங்கள் வீட்டு டிவி தினமும் அலறியது. அந்த இரைச்சலுக்குள் என்னை என்ன செய்வது என்று பேசினார்கள்.

மலைக்குக் கீழே ஒரு ஊரில் இருந்த மனநல மருத்துவரிடம் மச்சான் என்னைக் கூட்டிப்போனார். அந்த மருத்துவர் என் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மச்சான் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு, "மாத்திடலாம். கல்யாணத்த முடிச்சிருங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மாற்றுவதற்கு வாராவாரம் 'சிட்டிங்' என்றார். மூடிய அறையில் உட்கார்ந்து, எனக்குப் பிடித்தவரை நினைத்து அருவருப்புப்பட வேண்டும். அதுதான் சிகிச்சை. நான் கிட்டுச்சாமியை நினைத்தேன். அவர் என் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அருவருப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதைப் பார்த்து மருத்துவர் "நல்ல முன்னேற்றம்" என்றார்.

இதை நேராகவே சொல்கிறேன். அதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. ஆணை விரும்புவதை மாற்றித் தருகிறேன் என்று எந்த மருத்துவர் சொன்னாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை போட்ட மயக்கத்தில் போய்வந்தேன். அங்கே போய்வந்த பிறகுதான் எனக்குச் சாகத் தோன்றியது. அதற்கு முன் பயம் மட்டும்தான் இருந்தது.

போடியில் ஒரு பெண்ணை உறுதி செய்துவிட்டதாக மச்சான் வந்து சொன்ன அன்று ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். ஊரே கலகலவென்று இருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றியது. துக்கம்கூட இல்லை. இன்று சாயங்காலத்துக்கு மேல் நான் தேவையில்லை என்று ஒரு தீர்மானம், அவ்வளவுதான். கிட்டுச்சாமிக்குப் போன் செய்து, நல்லா இருங்க என்றேன். அவருக்கு என் குரலே சொல்லிவிட்டது.

"வண்டிச் சாவி எங்கீங்க?" என்று கேட்டார்.

"கையில."

"அத இப்பவே பக்கத்துல ஆருகிட்டயாச்சும் குடுங்க. போன வெச்சர்றாதீங்க. நாங் கேட்டுட்டு இருக்கறேன், குடுங்க."

டீக்கடை அக்காவிடம் கொடுத்தேன். "இத வச்சுக்கோங்க, நான் கேட்டாலும் தராதீங்க" என்றேன். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னை உள்ளே உட்காரச் சொல்லி, வெங்காயம் உரிக்கக் கொடுத்தார். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வந்தால் இதைச் செய்யுங்கள். உங்களைக் கொல்லக்கூடியது எதுவோ அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, மனிதர்கள் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். அந்தத் தீர்மானம் பாறை போல இருக்கும், ஆனால் அது நிற்காது. எனக்கு நிற்கவில்லை.

கிட்டுச்சாமி வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் மறையூர், சின்னார், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனோம். எங்கள் ஊரில் இது ஒரு கூத்து. கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகத் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். வழியெல்லாம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாலக்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் என்னைச் சேர்க்கக் கொண்டுபோய் நிறுத்தினார்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தனியாகச் சேர்க்க மாட்டார்கள். பைஸ்டாண்டர் (நோயாளியோடு வார்டிலேயே தங்கி, மருந்து வாங்கி, சோறு ஊட்டி, தேவைப்பட்டால் கையெழுத்தும் போடுகிறவர்) ஒருவர் வேண்டும். மனநலப் பிரிவில் அது ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அந்த வார்டின் வழக்கம். நர்ஸ் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார்.

"பைஸ்டாண்டர் ஆரு?"

"நானுங்க" என்றார் கிட்டுச்சாமி.

"என்ன ஒறவு?"

"இவரு என்ற தம்பிங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "ஊடு எங்க?"

"சூரியநெல்லி. லயத்துலதான் இருக்கோம். எங்களுக்குப் பூர்வீகம் திருநெவேலிப் பக்கம்" என்றேன். கேள்விக்கு மேலேயே பதில் சொன்னேன், பயத்தில்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இவரு எங்கூர்ப் பேச்சுப் பேசறாரு. நீங்க தெக்கத்திப் பேச்சுப் பேசறீங்க. ஒரே ஊட்டுல பொறந்தீங்களாக்கும்?"

"சின்ன வயசுலயே தத்துக் குடுத்துட்டாங்க" என்றார் கிட்டுச்சாமி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. பாலக்காடும் இடுக்கியும் தவிர வேறெங்கேயாவது இருந்திருந்தால் அந்தப் பொய் எடுபட்டிருக்கும். வாயைத் திறந்தாலே எந்த மலை, எந்த வயல் என்று தெரிந்துவிடுகிற ஊரில் நாங்கள் அண்ணன் தம்பி வேடம் போடப் பார்த்தோம். சிரித்த வேகத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அவரு அண்ணன் இல்ல சிஸ்டர். அவரு என் ஆளு. நாங்க ஒண்ணா வாழுதோம்."

அதற்கு முன் அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அக்காவிடம் சொன்னபோதுகூடப் பாதியிலேயே அழுதுவிட்டேன். நர்ஸின் முகம் சிவந்தது. "டாக்டர்கிட்ட சொல்லுங்க, எனக்கு முடிவு பண்ண முடியாது" என்று உள்ளே அனுப்பினார்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, மலையாளி. தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். தூக்கம், சாப்பாடு, பதற்றம், சாகும் எண்ணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுவில் கிட்டுச்சாமியைப் பற்றியும் கேட்டார், எந்த ஊர், எவ்வளவு காலமாக, சண்டை உண்டா என்று. ஒருவர் மனைவியைப் பற்றி எப்படிக் கேட்பார்களோ அப்படி. கடைசியில், "உங்களுக்கு டிப்ரஷன் உண்டு. அதுக்கு மருந்து உண்டு. இவரை இஷ்டப்படுறதுக்கு மருந்து இல்ல, அது ரோகம் இல்லல்லோ" என்றார். டிப்ரஷன் (மனச்சோர்வு நோய், மனம் மட்டுமல்லாமல் தூக்கம், பசி, யோசனை எல்லாவற்றையும் படுக்கவைத்துவிடுவது) என்பதை அவர் காய்ச்சல் என்பது போலச் சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் போனில் சொன்னேன். அடுத்த நாளே அம்மாவும் மச்சானும் வந்து நின்றார்கள்.

மச்சான் வார்டு வராந்தாவிலேயே ஆரம்பித்தார். வேனோடு வந்திருக்கிறார், மலைக்குக் கீழே இருந்த அந்தப் பழைய டாக்டரிடம் பேசியாயிற்று, அங்கேயே தங்கவைத்துச் சரி செய்து, முகூர்த்தத்துக்கு முன் அனுப்பிவிடுவார்களாம். கிட்டுச்சாமி பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார்.

"நீ யாருல?" என்றார் மச்சான்.

"பைஸ்டாண்டருங்க."

மச்சான் அவரை விட்டுவிட்டு வார்டு டாக்டரை நோக்கிப் போனார். டாக்டர் எல்லாரையும் என் கட்டில் பக்கத்தில் நிற்கவைத்து, எனக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கிறது, என் சார்பில் பேச யார் வேண்டும் என்று நானே சொல்லலாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அது ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். இங்கே டிவி எதுவும் அலறவில்லை.

மாத்திரையால் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. "கிட்டுச்சாமிதான்" என்றேன்.

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். காலமெல்லாம் கொழுந்து எடுத்து என்னை வளர்த்தவள். "ஏய்யா, பெத்தவ நான் உசிரோட நிக்கேன். ஊரான் வீட்டு ஆளையா காட்டுத?"

"நீயும் இரும்மா. ஆனா கூப்பிடாத. இங்க இருந்து மச்சான் கூடப் போனா நான் உசிரோட இருக்க மாட்டேன். இது மெரட்டல் இல்லம்மா. டாக்டர்கிட்டயும் இதத்தான் சொல்லியிருக்கேன்."

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். மச்சான் "வாங்கத்தே, போலாம்" என்றார். அம்மா நகரவில்லை. இனி லயத்துப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர் மட்டும் போனார். வேனை வாடகைக்குப் பிடித்துக் காலியாகத் திரும்பியது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று கேள்வி.

வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு பைஸ்டாண்டர்தான். அம்மாவுக்குப் பாலக்காட்டில் யாரையும் தெரியாது. கிட்டுச்சாமி தன் வீட்டுச் சாவியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் அவரிடம் வாங்கவில்லை. அவர் என்னிடம் கொடுத்தார், என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறி, வழி கேட்டு, முன்பின் தெரியாத நல்லேப்பிள்ளியில் அந்த வீட்டைத் திறந்து தங்கினாள்.

மறுநாள் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். கிட்டுச்சாமியைப் பார்க்காமல் என்னிடம் குறை சொன்னாள். மிளகாய்ப்பொடி இல்லை, அம்மிக்கு மேல் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது, ஆள் குடியிருக்கிற வீடு மாதிரியா இருக்கிறது என்று. கிட்டுச்சாமி "வாங்கி வெச்சர்றனுங்க" என்றார் சுவரைப் பார்த்து. நான் சாப்பிட்டு முடித்தேன். சட்டியை மூடும்போது சொன்னாள்.

"ஒன் நீலச்சட்ட அங்கதான் தொங்குது. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. தொலஞ்சு போச்சுன்னு சொன்ன."

"ஆமாம்மா."

"தொவச்சு மடிச்சு வச்சிருக்கேன்" என்றாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டு அம்மா மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்றும் நல்ல நாளில் எனக்கொரு பெண் கிடைக்க வேண்டும் என்று விளக்கேற்றுகிறாள். விளக்கேற்றட்டும். அந்தப் போடிப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. தப்பித்தது நான் மட்டுமில்லை.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி வேலை செய்யாது. சில வாரங்கள் ஒன்றுமே தெரியாது, தொந்தரவுகள் மட்டும் முதலில் வரும். வாய் காயும், வயிறு கலங்கும், ஆசை அடங்கிவிடும். அந்தக் கடைசி விஷயத்தை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள். நானாக ஒருமுறை மாத்திரையை நிறுத்தினேன், தலை சுற்றிக் கிணற்றடியில் விழுந்தேன். "உங்களுக்கு மூள இருக்குதாங்க?" என்று கிட்டுச்சாமி அன்று ஊர் கேட்கக் கேட்டார்.

கூடவே பேச்சு சிகிச்சை (பயம் வரும்போது மனம் சொல்லும் பொய்களைப் பிடித்துக் கேள்வி கேட்கப் பழக்குவது). முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. நெஞ்சு ஓடும்போது ஓட விட்டு, அது தானாக நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். ஓடி ஓடி அதுவும் நின்றது. இன்னும் வருகிறது. வரும்போது, வா, உட்கார், நானும் எங்கேயும் போகவில்லை என்கிறேன்.

டாக்டர் அனுமதித்த பிறகு சூரியநெல்லிக்குத் திரும்பினேன். லயத்துக்கு இல்லை, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறைக்கு. பாதி வருடம் இங்கே, பாதி அங்கே. ஒளிவுமறைவு இல்லை. கிட்டுச்சாமி வரும்போது ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்கத்தான் வருகிறார். சிலர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் டீக்கடையில் வைத்து, "எல்லாம் சொகமாயிருச்சா?" என்று கண்ணடித்துக் கேட்டார். "நோய் சொகமாயிருச்சு. நீங்க கேக்கது நோயே இல்ல" என்றேன். டீக்கடை அக்கா அவருக்கு அன்று சீனி போடாமல் டீ கொடுத்தார்.

இன்னொரு டிரைவர், கல்யாணமாகிப் பிள்ளை உள்ளவர், ஆள் இல்லாத நேரம் பார்த்து என் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "எனக்குப் பொண்டாட்டியையும் பிடிக்கும்ணே. அதுதான் கொழப்பமா இருக்கு. தூக்கமே இல்ல" என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம், அதிலும் நோய் எதுவும் இல்லை, ஆனால் தூங்காமல் இருப்பதற்கு டாக்டரைப் பாருங்கள் என்றேன். யாராவது கூட வர வேண்டுமா என்று கேட்டேன். நான் வரட்டுமா என்றும் கேட்டேன். போய்வந்தோம். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

இப்போது என் உடம்பு பழைய உடம்பு இல்லை. மாத்திரையில் தொப்பை போட்டுவிட்டது. காதோரம் நரை. முட்டி வலிக்கிறது. முன்பெல்லாம் எனக்கு அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. யாராவது அடுத்த வருடம் என்று சொன்னால் அது வேறு யாருக்கோ என்று தோன்றும். போன வாரம் கண்ணாடி முன் நின்று நரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"உடுங்க, இருக்கட்டும். கெழவனாயிட்டீங்க, அவ்ளோதான்" என்றார் கிட்டுச்சாமி.

கையை எடுத்துவிட்டேன். எனக்கு இன்னும் நரைக்க வேண்டும். பல் விழ வேண்டும், காது மந்தமாக வேண்டும், இந்த மனிதரோடு உட்கார்ந்து மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சண்டை போட வேண்டும். என்னைச் சாக விடாமல் காப்பாற்றியது இதற்குத்தான். நான் கிழவனாகப் போகிறேன். யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.